சனாதிபதி வில்சனின் களைப்பு

1919ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்திலே, வாஷிங்டன் நகரிலுள்ள வெள்ளை மாளிகையின் வாயிற்கதவுகள் அடைக்கப்பட்டன. மாளிகையின் உள்ளே ஐக்கிய அமெரிக்க நாட்டின் சனாதிபதி உட்ரோ வில்சன் படுக்கையிற் கிடந்தார். அவருக்குற்ற நோய் யாதென அறிய நாட்டு மக்கள் விரும்பினர். ஐரோப்பிய அரசுகளும் விரும்பின. வைத்தியர்களின் அறிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவற்றிலிருந்து மக்கள் அறிந்துகொண்டது இவ்வளவே: சனாதிபதி மிகவும் நோயுற்றிருக்கிறார், அளவுக்கு மிஞ்சிய உழைப்பினால் நரம்புகள் களைத்துப் போயின, அவருக்கு முழு ஓய்வு வேண்டும். உண்மையிலோ, மூளையின் வலப்பாகத்துக்குக் குருதி கொண்டு செல்லும் நாடியொன்று அடைபட்டு, அவருடைய உடலின் இடப்பாகம் முழுவதும் செயலற்றுக் கிடந்தது. பாரிசவாதம் என்று நம்மவர் வழங்கும் நோய் அது. அச்சொல் அவ்வறிக்கைகளிலே ஒருமுறையேனும் இடம்பெற்றிலது.

பாரிசவாதத்தை மறைப்பதற்குக் களைப்பு என்னும் சொல் திரையாக விரிக்கப்பட்டது. இதில் விந்தை ஒன்று உண்டு. அந்நோய்க்குப் பின் வில்சன் நான்கு ஆண்டும் நான்கு மாதமும் உயிர்வாழ்ந்தார். அக்காலம் முழுவதும் அவரைப் பிணித்த தளைகளுள் மிக வலியது, செயலிழந்த கையுமன்று, காலுமன்று, களைப்பே. மறைப்பதற்காகச் சொல்லப்பட்டது மெய்யாகவே வந்து சேர்ந்தது. மெய்யாக வந்தபோது அதனைச் சொல்வாரும் இல்லை, நோய் என்று கொள்வாரும் இல்லை.

நரம்புக் களைப்பு என்பது அக்கால அமெரிக்காவில் மதிப்புக்குரிய நோயாகவே கருதப்பட்டது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நியூயோர்க் நகர வைத்தியர் ஜோர்ஜ் பியர்ட் என்பார் 1869ஆம் ஆண்டிலே அதற்கொரு பெயரிட்டுக் கட்டுரை வரைந்தார். அறிவினால் உழைப்போருக்கும் பொறுப்பு மிகுந்தோருக்கும் அந்நோய் வரும் என்று மக்கள் நம்பினர். ஆகவே அரசுத் தலைவர் ஒருவர் நரம்புகள் களைத்துப் படுத்திருக்கிறார் என்பதில் இழிவு ஏதும் இல்லை. உழைப்பின் அடையாளம் என்றே பலர் கொண்டிருப்பர். பாரிசவாதம் என்ற சொல்லோ வேறு. அது பதவியைப் பறிக்கக்கூடிய சொல்.

வில்சன் எழுத்தினாலும் பேச்சினாலும் உயர்ந்தவர். 1856 டிசம்பர் 28ஆந் திகதி வெர்ஜீனியா மாநிலத்திலே மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். பேராசிரியராகி, 1902இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராகி, நியூஜேர்சி மாநிலத்து ஆளுநராகி, 1913 மார்ச் மாதத்திலே சனாதிபதியானார். சுருக்கெழுத்து அறிந்தவர், தம் கட்டுரைகளையும் சொற்பொழிவுகளையும் தாமே தட்டெழுதும் வழக்கமுடையவர். 1896இல் ஒருமுறை அவருடைய வலக்கை எழுதும் வலுவை இழந்தது. அப்பொழுது இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். 1906ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாட் காலை துயிலெழுந்தபோது இடக்கண்ணின் பார்வை மங்கிப் போயிருந்தது. இவை எல்லாம் பின்வந்த பெருநோயின் முன்னறிகுறிகளோ என்று பிற்கால நரம்பியலார் ஆராய்ந்தனர். அவர்கள் ஒருமித்த முடிவுக்கு வந்திலர். உடல் வலிமை குறைந்தவர் என்பதைக் கண்டுகொண்ட கடற்படை வைத்தியர் கேரி கிரேசன், அவரை நாள்தோறும் கொல்ப் விளையாடச் செய்தும் மோட்டார் வண்டியில் உலாவச் செய்தும், வேலை செய்யும் மணித்தியாலங்களை எண்ணிக் கொடுத்தும் காத்துவந்தார்.

1919ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் நடைபெற்ற சமாதான மகாநாட்டில் அவ்வொழுங்கு சிதைந்தது. காலையும் மாலையும் இரவும் கூட்டங்கள். ஏப்பிரில் மாதத் தொடக்கத்திலே கடுங்காய்ச்சல் கண்டு படுத்தார். முற்றாகத் தேறுமுன் மீண்டும் எழுந்து மேசைக்குச் சென்றார். யூன் 28ஆந் திகதி வெர்சேய் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. சர்வதேச சங்கம் என்னும் புதிய அமைப்பின் விதிகள் அவ்வுடன்படிக்கையின் தலைப்பகுதியாக அமைந்தன. அதனைத் தம் வாழ்நாட் பணியின் முடிபாக வில்சன் கருதினார். ஆனால் அமெரிக்க அரசியற் சட்டப்படி, செனற் சபையில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தாலன்றி உடன்படிக்கை நாட்டைக் கட்டுப்படுத்தாது. சபையின் நிலையோ ஐயத்துக்கிடமாயிருந்தது. மக்களிடம் நேரே முறையிடுவேன் என்று புறப்பட்டார் வில்சன்.

செப்டெம்பர் 3ஆந் திகதி அவருடைய புகைவண்டி வாஷிங்டனை விட்டு மேற்றிசை நோக்கிச் சென்றது. மூன்று வாரங்களிலே ஏறத்தாழ 8,000 மைல். ஏறத்தாழ 40 சொற்பொழிவுகள். இக்காலத்தார்போல ஒலிவாங்கியின் முன் மெல்லப் பேசும் வசதி அவருக்கிருந்ததில்லை. சன்டியாகோ நகரத் திறந்தவெளி அரங்கில் மாத்திரம் மின்சார ஒலிபெருக்கி வைக்கப்பட்டிருந்தது. ஏனைய இடங்களில் ஆயிரக்கணக்கானோர் செவிக்கு எட்டும்படி தம் குரலையே உயர்த்த வேண்டியிருந்தது. தலைவலி நாளுக்கு நாள் கடுமையாயிற்று. இரவில் மூச்சுத் திணறியமையால் படுக்க முடியாது கதிரையில் அமர்ந்தவாறே உறங்கினார். செப்டெம்பர் 25ஆந் திகதி கொலராடோ மாநிலத்துப் பியூப்ளோ நகரில் ஆற்றிய உரையே அப்பயணத்தின் இறுதி உரையாயிற்று. மறுநாட் காலை கன்சஸ் மாநிலத்தின் விச்சிற்றா நகருக்கு அண்மையில், இனிப் பயணம் செய்தல் கூடாது என்று கிரேசன் முடிவு செய்தார். வண்டி நேரே தலைநகருக்குத் திரும்பியது. ஒக்டோபர் 2ஆந் திகதி காலை, குளியலறையில் விழுந்து கிடந்த கணவரை எடித் அம்மையார் கண்டார்.

அன்று தொடங்கி நோயாளியின் அறைக்குள் யார் செல்வது, எந்தக் கடிதம் செல்வது என்பதை அம்மையாரும் வைத்தியர் கிரேசனுமே தீர்மானித்தனர். தம் கணவர் இறந்து பதினைந்து ஆண்டுகளின் பின், 1939இல் வெளியிட்ட நினைவு நூலிலே, அம்மையார் இதற்குரிய காரணத்தை எழுதியிருக்கிறார். பிலடெல்பியா நகரிலிருந்து அழைக்கப்பட்ட நரம்பியல் வைத்தியர் பிரான்சிஸ் டேர்கம், கவலைக்குரிய எதனையும் நோயாளியிடம் கொண்டு செல்லலாகாது என்றாராம். ஒவ்வொரு புதிய கவலையும் திறந்த புண்ணிலே கத்தியைத் திருப்புவது போலாகும் என்றாராம். அப்படியாயின் பதவியை விட்டு விலகிவிடலாமே என்று அம்மையார் வினவ, வேண்டாம், விலகினால் குணமடைய வேண்டும் என்ற ஊக்கமே போய்விடும் என்றாராம். அதற்குச் சான்றாக லூயி பாஸ்டரின் பெயரை எடுத்துச் சொன்னாராம்: பாஸ்டருக்கும் இவ்வாறே வந்தது, அதன் பின்னரே அவர் தம் சிறந்த பணிகளைச் செய்தார். வைத்தியர் உள்ளபடியே இவ்வாறு கூறினாரா என்பதில் வரலாற்றாசிரியர் சிலருக்கு ஐயமுண்டு. கூறினாராயினும் இல்லையாயினும், பாஸ்டரின் பெயர் அவ்வீட்டிலே ஒரு நம்பிக்கையாக நிலவியது என்பது அம்மையார் எழுத்தினால் விளங்கும்.

அந்நம்பிக்கையைச் சற்று நிறுத்துப் பார்த்தல் வேண்டும். பிரான்சிய அறிஞர் பாஸ்டருக்கு 1868 ஒக்டோபர் 19ஆந் திகதி பாரிசவாதம் வந்தது. வயது 45. வில்சனுக்குப் போலவே இடப்பக்கம் செயலிழந்தது. ஒரு வார அளவிலே, பட்டுப்புழு நோய் பற்றிய குறிப்பொன்றைப் படுக்கையிற் கிடந்தவாறே சொல்ல, உதவியாளர் ஒருவர் எழுதிக்கொண்டார். மறு ஆண்டு தொடக்கத்தில், வைத்தியர்கள் தடுத்தும் கேளாமல், தென் பிரான்சுக்குச் சென்று பட்டுப்புழு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அந்திராக்ஸ் நோய்த் தடுப்பும், 1885ஆம் ஆண்டின் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பும் எல்லாம் அதன் பின் வந்தவையே. ஆகவே டேர்கம் கூறியதாகச் சொல்லப்படுவது பொய்யன்று.

ஆனால் அது முழுமையும் அன்று. பாஸ்டரின் இடக்கை பின்னொருபோதும் முன்போல் இயங்கவில்லை. காலை இழுத்தே நடந்தார். நுண்ணிய சோதனைகளைச் செய்த கைகள் ரூ, சாம்பர்லான் முதலிய உதவியாளரின் கைகள். மாலை வேளைகளில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் மனைவி மரி அம்மையார். ஆய்வுகூடம் அவருக்கென அமைந்த அமைதியிடம். எந்த வினாவை இன்று எடுப்பது, எதனை நாளைக்கு விடுவது என்பது அவர் கையிலே இருந்தது. 1888 நவம்பர் மாதத்திலே பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டபோது அவர் எழுதிய உரையை அவர் மகனே வாசித்தார். சுருங்கச் சொன்னால், களைப்புக்கு இசையத் தம் நாளை வகுத்துக்கொள்ளும் உரிமை பாஸ்டருக்கிருந்தது. ஓர் அரசுத் தலைவரின் நாளைப் பிறர் வகுக்கின்றனர். நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் சனாதிபதி தேறும்வரை காத்திராது. மெக்சிக்கோ நாட்டுப் பூசலும் காத்திராது.

வில்சனை அக்காலத்திலே அருகிருந்து கண்டவர்கள் மூன்று செய்திகளைக் குறித்து வைத்துள்ளனர்: இடக்கை போர்வையின் கீழ்க் கிடந்தது, குரல் மெலிந்தது, சிறிது நேரத்தில் அயர்ந்துவிடுவார். மூன்றாவதன் பொருளை எவரும் ஆராய்ந்திலர். மாளிகையின் தலைமைப் பணியாளராக இருந்த ஐக் ஹூவர், 1934இல் வெளிவந்த தம் நூலிலே, எஜமானர் முன்னிருந்த மனிதரின் நிழலாகவே இருந்தார் என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார். சொல்லிக் கொடுக்கத் தொடங்குவார், சற்றைக்கெல்லாம் நிறுத்திவிடுவார். கடிதங்கள் பிரிக்கப்படாமற் கிடந்தன. பத்து நாட்களுள் ஒப்பமிடப்படாமையால் பல மசோதாக்கள் அவர் கையெழுத்தின்றியே சட்டங்களாயின.

இந்நிலையில் 1919 டிசம்பர் 5ஆந் திகதி நடந்த ஒரு சந்திப்பு மிகவும் பேர்பெற்றது. சனாதிபதி அறிவு கலங்கிவிட்டார் என்ற வதந்தி பரவவே, உண்மை அறிந்து வருமாறு இரு செனற்றர்கள் அனுப்பப்பட்டனர். ஒருவர் ஹிற்ச்கொக், வில்சனின் கட்சியினர். மற்றவர் ஆல்பேர்ட் ஃபோல், எதிர்க்கட்சியினர். அறை முன்னரே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. செயலற்ற இடக்கை போர்வையால் மூடப்பட்டிருந்தது. வேண்டிய தாள்கள் வலக்கை எட்டுமிடத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 40 நிமிட நேரம் வில்சன் தெளிவாகப் பேசினார், நகைச்சுவையும் கலந்தார். வந்தவர்கள் வெளியே சென்று, சனாதிபதியின் அறிவு நன்றாகவே இருக்கிறது என்று பத்திரிகையாளரிடம் கூறினர்.

அவர்கள் கண்டது பொய்யன்று. ஆனால் 40 நிமிடம் விளங்கும் அறிவு, நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் விளங்குமா என்று அவர்கள் கேட்டிலர். அன்று கேட்கப்பட்ட கேள்வி, அறிவு உண்டா இல்லையா என்பது. கேட்கப்பட வேண்டியிருந்த கேள்வி, எவ்வளவு நேரத்துக்கு உண்டு என்பது. பாரிசவாதத்திலிருந்து எழுந்தவர்களைக் காணச் செல்லும் உறவினர் இன்றும் இப்பிழையைச் செய்வதுண்டு. விருந்தினர் முன்னே நோயாளி நிமிர்ந்து அமர்ந்து சிரித்துப் பேசுகிறார். வந்தவர் மகிழ்ந்து செல்கிறார். அதன் பின் அவர் மாலைவரை கண் திறவாது கிடப்பதை வீட்டிலுள்ளவர் மாத்திரமே காண்கின்றனர்.

உடல் செயலிழந்த செய்தியே 1920 பெப்ரவரி மாதத்திற்றான், வைத்தியம் பார்த்தவர்களுள் ஒருவரான ஹியூ யங் ஒரு பத்திரிகைக்குக் கூறியதால், வெளிப்பட்டது. அவரும் கையும் காலும் சிறிது பாதிக்கப்பட்டன, அறிவுக்கு ஒரு குறைவும் இல்லை என்றே கூறினார். அதே மாதத்தில், தாம் படுத்திருக்கையில் மந்திரிசபையைக் கூட்டினார் என்பதற்காக வெளிநாட்டு மந்திரி லான்சிங்கை வில்சன் பதவி விலகச் செய்தார். களைப்பைத் திரையாகப் பயன்படுத்தும் வழக்கம் வில்சனோடு முடிந்துவிடவுமில்லை. 1953 யூன் மாதத்தில் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலுக்குப் பாரிசவாதம் வந்தபோது, வைத்தியர் எழுதிய அறிக்கையிலே மூளையின் குருதியோட்டம் பற்றிய சொற்கள் இருந்தன. அறிக்கை வெளிவருமுன் அவை நீக்கப்பட்டன. ஓய்வு வேண்டும் என்ற பகுதி எஞ்சியது.

ஏழு மாதங்களுக்கு மேலாகச் சனாதிபதியைக் காணாதிருந்த மந்திரிகள் 1920 ஏப்பிரில் நடுப்பகுதியிலே அவர் முன் கூடினர். வழக்கமான மண்டபத்திலன்றி மேல்மாடியிலுள்ள படிப்பறையிலே கூட்டம் நடந்தது. உள்ளே வந்த ஒவ்வொருவரின் பெயரும் அவருக்கு அறிவிக்கப்பட்டது. வில்சன் சிரிப்புக்கிடமான சிறு பேச்சொன்றோடு தொடங்கினார், பின்னர் மௌனமானார். பேசப்படும் பொருளில் மனத்தை நிறுத்த அவர் இடர்ப்பட்டார் என்று அங்கிருந்த மந்திரி ஹூஸ்டன் எழுதியிருக்கிறார். கிரேசன் இடையிடையே கதவருகில் எட்டிப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் கடந்ததும் எடித் அம்மையார் கவலை தோய்ந்த முகத்தோடு வந்து, இது ஒரு பரீட்சைதான் என்று நினைவூட்டி, யாவரும் செல்வது நன்று என்று குறிப்பாற் சொன்னார்.

அதற்கு முந்திய மாதத்திலேயே பெருங்காரியம் முடிந்துவிட்டது. செனற்றர் லொட்ஜ் உடன்படிக்கைக்குப் பதினான்கு நிபந்தனைகளை முன்வைத்திருந்தார். அவற்றோடு ஏற்றுக்கொள்வதா, அவையின்றி ஏற்றுக்கொள்வதா என்பதே வழக்கு. 1919 நவம்பரில் ஹிற்ச்கொக் படுக்கையருகே வந்து சற்று விட்டுக்கொடுக்குமாறு வேண்டினார். எடித் அம்மையாரும் ஒருமுறை வேண்டியதாக எழுதியிருக்கிறார். வில்சன் இசையவில்லை. 1920 மார்ச் 19ஆந் திகதி நடந்த இறுதி வாக்கெடுப்பில் நிபந்தனைகளோடு கூடிய உடன்படிக்கைக்குச் சார்பாக 49 பேரும் எதிராக 35 பேரும் வாக்களித்தனர். மூன்றில் இரு பங்குக்கு ஏழு வாக்குக் குறைவு. வில்சன் சொற்படி எதிர்த்து வாக்களித்த அவருடைய சொந்தக் கட்சியினரே அவ்வேழு வாக்கினும் மிகையாக இருந்தனர். ஐக்கிய அமெரிக்கா சர்வதேச சங்கத்திலே என்றுமே சேரவில்லை.

இதனை நோயின் மேல் மாத்திரம் ஏற்றுதல் நேர்மையன்று. வில்சன் இயல்பாகவே வளைந்து கொடாதவர். பிரின்ஸ்டன் நாட்களிலேயே, பட்டப்பின் கல்லூரி பற்றிய சண்டையில், இணங்காமல் நின்று தோற்றவர். லொட்ஜும் இணங்கவைக்க முயன்றவர் அல்லர். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். இணக்கம் என்பது பெரிய உழைப்பு. பதினான்கு நிபந்தனைகளையும் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும்; இதனை விடலாம், அதனைத் திருத்தலாம் என்று ஒப்பிட வேண்டும்; பலரை அழைத்துப் பல நாள் பேச வேண்டும்; ஒருவர் சொன்னதை மறவாது மற்றொருவரிடம் சொல்ல வேண்டும். மறுப்புக்கோ ஒரு சொல் போதும். நல்ல உடல்நிலையிலும் பிடிவாதமுள்ள ஒருவருக்கு, நாளொன்றுக்குச் சில நிமிடங்களே தெளிந்த சிந்தனை வாய்க்கும்போது, அந்த ஒரு சொல்லே எஞ்சியிருத்தல் வியப்பன்று. அவரோடு இருந்தவர்கள் அதனை உறுதி என்றனர். பகைவர் செருக்கு என்றனர்.

இக்களைப்பின் தன்மையை உள்ளிருந்தே பார்த்துச் சொல்ல வல்ல ஒருவர் அரை நூற்றாண்டு கழித்தே வந்தார். நோர்வே நாட்டு ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியற் பேராசிரியராக இருந்த ஆல்ஃப் புரோடால், மூளையின் நரம்புப் பாதைகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். 1972 ஏப்பிரில் மாதத்திலே அவருக்கே பாரிசவாதம் வந்தது. மூளையின் வலப்பாகம், செயலிழந்தது இடப்பக்கம். பாஸ்டருக்கும் வில்சனுக்கும் இடம் செயலிழந்தது போலவே. தமக்கு நேர்ந்ததை ஓர் ஆராய்ச்சியாளனின் கண்ணோடு நோக்கி, மறு ஆண்டிலே நரம்பியல் ஆய்விதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை, இத்துறையில் இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது.

வலுவிழந்த ஒரு தசையை அசைப்பதற்குத் தேவைப்பட்டது தசையின் வலிமையன்று, மனத்தின் வலிமை என்கிறார் புரோடால். ஒரு விரலை மடக்கவும் உள்ளத்தின் முழு முயற்சியையும் திரட்ட வேண்டியிருந்தது; அதனால் உள்ளமே களைத்தது. கவனத்தை ஒருமுகப்படுத்த முடியவில்லை. நீண்ட வாக்கியமொன்றின் முடிவை அடையுமுன் அதன் தொடக்கம் நழுவிப் போயிற்று. இன்னொன்று மிக நுட்பமானது. நோய் தீண்டாத வலக்கையின் எழுத்தும் மாறிப்போனதை அவர் கண்டார். கோணலாயிற்று, பிழைகள் மலிந்தன. மூளையின் ஓரிடத்திற் பட்ட காயம் அவ்விடத்தோடு நிற்பதில்லை என்பதற்கு அதனைச் சான்றாகக் கொண்டார். கையும் காலும் பெரிதும் தேறிய பின்னரும் உள்ளத்தின் அயர்வு தேறாதிருந்ததை அவர் மறைக்காது எழுதினார். பேராசிரியர் ஒருவர் தம் அறிவின் தளர்ச்சியைத் தாமே அளந்து அச்சேற்றியது எளிய துணிவன்று. வெள்ளை மாளிகையிலே அத்தகைய குறிப்பொன்று எழுதப்பட்டிருக்க இயலாது.

அதன் பின்னும் வைத்திய உலகம் மெல்லவே விழித்தது. 1999இல் கனடா நாட்டிலே வெளிவந்த ஆய்வொன்றில், பாரிசவாதம் வந்து மூன்று முதல் பதின்மூன்று மாதங்கள் கழிந்தவர்களைக் கேட்டபோது, நூற்றுக்கு 68 பேர் களைப்பினால் வருந்துவதாகக் கூறினர். அந்நோய் வராத முதியோரிடையே அது நூற்றுக்கு 36. அந்நோயாளருள் நூற்றுக்கு 40 பேர் தமக்குள்ள துன்பங்களுள் மிகப் பெரியது அல்லது மிகப் பெரியவற்றுள் ஒன்று களைப்பே என்றனர். பின்வந்த ஆய்வுகளின் கணக்குகள் வேறுபடினும், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது உண்டு என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. நோயின் சிறுமை பெருமைக்கு இசைய இது வருவதில்லை. கையும் காலும் முற்றாகத் தேறியவர்க்கும் வரும், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். உழைத்தவன் களைப்பு உறங்கினால் தீரும்; இது உறங்கி எழுந்த காலையிலும் உடனிருக்கும். மனச்சோர்வோடு சேர்ந்து வருதலுண்டு. மனச்சோர்வின்றித் தனித்தும் வரும். காரணம் இன்னும் முற்றாகத் தெளியவில்லை. இதனைப் போக்கும் என்று துணிந்து சொல்லத்தக்க மருந்தும் இல்லை. நாளின் தெளிந்த வேளை எது என்று கண்டு, அவ்வேளைக்குரிய வேலையை அளந்து, இடையிடையே ஓய்ந்து வாழப் பழகுவதே கைக்கொள்ளப்படும் முறை. பாஸ்டர் தற்செயலாகப் பெற்றிருந்த வாழ்வும் ஏறத்தாழ அதுவே.

1921 மார்ச் 4ஆந் திகதி பதவிக்காலம் முடிந்ததும், வில்சன் வாஷிங்டனிலேயே எஸ் வீதியிலுள்ள இல்லத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நாள் முழுவதும் மணிக்கணக்காக வகுக்கப்பட்டிருந்தது. பிற்பகலில் மோட்டார் வண்டியில் உலா. சனிக்கிழமை இரவுகளில் கேளிக்கை அரங்கம். பார்க்க வருவோருக்கு அளந்த நேரம். முன்னைய மந்திரி ஒருவருடன் சேர்ந்து வழக்கறிஞர் தொழில் தொடங்கினார். அது 1922ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. 1923இல் புரட்சியைத் தவிர்க்கும் வழி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெருநூல்கள் இயற்றிய அக்கைக்கு அச்சிறு கட்டுரையை முடிப்பதே பெரும்பாடாயிற்று. சில பக்கங்களேயான அது அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே ஒரு திங்களிதழில் வெளிவந்தது.

வானொலி கேட்போர் அறியவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1923 நவம்பர் 10ஆந் திகதி, போர்நிறுத்த நாளுக்கு முந்திய இரவு, வில்சன் தம் வீட்டு நூலகத்திலிருந்து வானொலியிற் பேசினார். அமெரிக்காவில் வானொலி அப்பொழுது குழந்தைப் பருவத்தில் இருந்தது. சில நிமிடங்களே நீடித்த அவ்வுரையை ஆக்கப் பல நாட்கள் சென்றன. அமர்ந்தபடியே பேசலாமென்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. எழுந்து நின்றே பேசினார். பார்வையும் நினைவும் தளர்ந்திருந்தமையால், உரையின் படி ஒன்றைக் கையில் ஏந்தி எடித் அம்மையார் பின்னே நின்று, தடைப்பட்ட இடங்களில் சொல்லெடுத்துக் கொடுத்தார். தூரத்தே இருந்து கேட்டவர்கள் முன்னாட் சனாதிபதியின் குரலைக் கேட்டனர். பியூப்ளோ நகரில் ஒலிபெருக்கியின்றி ஆயிரக்கணக்கானோருக்கு உரைத்த குரல் அது.

1924 பெப்ரவரி 3ஆந் திகதி வில்சன் காலமானார். அதற்குச் சின்னாட்களின் முன், தாம் உடைந்துபோன ஓர் இயந்திரம் என்று வைத்தியர் கிரேசனிடம் சொன்னாராம். எடித் அம்மையார் 1961 டிசம்பர் 28ஆந் திகதி வரை, அதாவது கணவரின் பிறந்தநாள் வரை, அவ்வீட்டில் வாழ்ந்தார்.

அரசியலின் தத்துவம் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதவேண்டும் என்பது பேராசிரியராக இருந்த நாள் தொட்டு வில்சன் கொண்டிருந்த அவா. பதவியை விட்டு ஓய்ந்த பின்னர் அதனை எழுதத் தொடங்கினார். நூலைத் தம் மனைவிக்குக் காணிக்கையாக்கும் முதற் பக்கத்தைத் தட்டெழுதி முடித்தார். அதன் பின் ஓர் அதிகாரமும் எழுதப்படவில்லை.